பி.ஏ.வுக்கு ஒரு கட்டம்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கீழே காலையில் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. மாடியில் கோழிப் பண்ணைக்காரர்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் பின்பாதி. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அப்பாவும் கோழி வளர்த்தார், அதனால் அந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வரும். கம்ப்யூட்டர் தெரிந்த பெண் தேவை என்று அதில் வந்த சின்ன விளம்பரத்தை முதலில் பார்த்தது அப்பாதான். நான் சேலத்தில் கணிதத்தில் பட்டம் வாங்கி, அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சில மாதம் படித்துவிட்டு, மாப்பிள்ளை அமையும் வரை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது.

பத்திரிகையை நடத்தியவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். எல்லாருக்கும் அவர் டாக்டர். நேர்காணல் என்று போன அன்றைக்கு முக்கால்வாசி நேரம் அவரும் அப்பாவும் கோழிச் சளியைப் பற்றித்தான் பேசினார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"கம்ப்யூட்டர் தெரியுமா அம்மணி?"

"தெரியுங்க."

"எனக்குத் தெரியாது. அதனால அதுல நீ சொல்றதுதான்."

அவ்வளவுதான் நேர்காணல்.

கம்ப்யூட்டருக்கென்று பிளைவுட் தடுப்பு வைத்து ஓர் அறை கட்டியிருந்தார்கள். ஏ.சி. அந்த அறையில் மட்டும்தான். கீழே பட்டறையிலிருந்து வரும் தூசி உள்ளே போகக் கூடாது என்று கதவில் கனத்த திரை தொங்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், டாக்டர் உட்பட. சித்திரை வெயிலில் ஆபீஸில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த அறையில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். பேப்பர் கட்டு கொண்டுவந்து கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்று, கறுப்புத் திரையில் ஓடும் பச்சை எழுத்தைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு முன்பே அங்கே ஒரு டைப்பிஸ்ட் இருந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள், அதனால் எனக்கு அக்கா. கோட்டைப் பக்கம் பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் வீடு. அவள் அப்பா கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். மாதா மாதம் சந்தாதாரர் எல்லாருடைய முகவரியையும் ஒட்டுத்தாளில் அடித்து, வெட்டி, பத்திரிகையைச் சுற்றும் காகிதத்தில் ஒட்டக் கொடுப்பது அவள் வேலை. ஒரு மாதம் அடித்து முடித்து நிமிர்ந்தால் அடுத்த மாதம் வந்துவிடும். மறுபடியும் அதே பேர்கள், அதே ஊர்கள். கம்ப்யூட்டரில் ஒரு தடவை அடித்துவிட்டால் போதும், அப்புறம் எப்போதும் அதுவே அடித்துக்கொள்ளும் என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"சத்தியமா?"

"சத்தியமாங்க்கா."

"அப்படீன்னா ஒரே மூச்சுல அடிச்சுத் தள்ளிடறேன் புள்ள."

சொன்னபடி தள்ளினாள். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். கட்டம் போட்ட காகிதம் மாதிரித் திரை. ஒரு சந்தாதாரருக்கு ஒரு வரி, அந்த வரியில் ஒரே கட்டம். பேர், கதவு எண், தெரு, ஊர், வழி, தாலுக்கா, ஜில்லா, பின்கோடு எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள் நீளமாகக் கிடக்கும். அவளுக்கு வேகமாக அடிக்க அதுதான் வசதியாக இருந்தது. எனக்கும் அப்போது அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. வாரங்கள் போய் எல்லாம் முடிந்த அன்றைக்கு அவள் வீட்டிலிருந்து சேமியா பாயசம் தூக்குப்போசியில் வந்தது. கம்ப்யூட்டர் அறைக்குள் சாப்பிடக் கூடாது என்று நானே போட்டிருந்த சட்டத்தை அன்றைக்கு நானே மீறினேன்.

அந்த வாரமே டாக்டர் தபால் ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தார். பத்திரிகையைப் பின்கோடு வாரியாகக் கட்டுக் கட்டிக் கொடுத்தால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

"கம்ப்யூட்டர்தான் இருக்குதே. அறுநூத்து முப்பத்தாறெல்லாம் ஒரு பக்கம், முப்பத்தேழெல்லாம் ஒரு பக்கம் பிரிச்சுக் குடுத்துரு அம்மணி."

நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. எதை வைத்துப் பிரிப்பது? பின்கோடு நீளமான சரத்தின் வாலில் இருக்கிறது. வரிசைப்படுத்து என்றால் கம்ப்யூட்டர் முதல் எழுத்தைத்தான் பார்க்கும். ஏ என்ற இனிஷியல் உள்ளவர்கள் எல்லாரும் முதலில், வி உள்ளவர்கள் கடைசியில். பின்கோடு தனிக் கட்டத்தில் இருந்தால்தான் ஆகும். ஊர் தனியாக, தெரு தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். அவள் கையில் எடுத்த சோற்றை அப்படியே டப்பாவில் வைத்தாள்.

"மறுபடியும் மொதல்ல இருந்தா?"

"இல்லீங்க்கா, ஏதாச்சும் வழி..."

"நான் வரல புள்ள. உங்க கம்ப்யூட்டரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். என் மிஷினே போதும்." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் ஃபார்முலாவோடு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டல் கழித்தலுக்குத்தான் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எழுத்துக்கும் ஃபார்முலா உண்டு என்பதைக் கம்ப்யூட்டரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டித்தான் கண்டுபிடித்தேன். கமா எத்தனையாவது எழுத்தாக இருக்கிறது என்று கேட்டால் எண்ணிச் சொல்லும். அந்த எண்ணுக்கு முன்னால் இருப்பதை வெட்டி ஒரு கட்டத்தில் போடு என்றால் போடும். மிச்சத்தில் மறுபடி கமாவைத் தேடு, மறுபடி வெட்டு. பின்கோடு இன்னும் சுலபம்: கடைசி ஆறு எழுத்தை எடு, அவ்வளவுதான்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா, "அங்க என்ன வேலை பண்றே சாமி?" என்று கேட்டார்.

"அட்ரஸைப் பாகம் பிரிக்கறனுங்கப்பா."

"வரப்பு சரியா இருக்குதா பாத்துக்க. இல்லாட்டி வழக்குத்தான்."

மறுநாள் ஃபார்முலாவை முதல் வரியில் எழுதி, கீழே எல்லா வரிக்கும் நகல் எடுக்கச் சொன்னேன். திரையின் மூலையில் பொறு என்ற ஆங்கிலச் சொல் மினுங்க ஆரம்பித்தது. மினுங்கியது, மினுங்கியது, நான் கீழே போய் டீ குடித்துவிட்டு மாடி ஏறி வந்தபோதும் மினுங்கிக்கொண்டிருந்தது. பிறகு சட்டென்று நின்றது. பார்த்தால் பேர்கள் ஒரு பத்தியில், தெருக்கள் ஒரு பத்தியில், ஊர்கள் ஒரு பத்தியில், ஓரத்தில் பின்கோடுகள் நூல் பிடித்த மாதிரி. நான் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பேசாமலிருக்க வேண்டும் என்பதை அவள் மறந்துவிட்டாள்.

"யா அல்லா! இதெல்லாம் யாரு அடிச்சா?"

"நீங்க அடிச்சதுதாங்க்கா. வெட்டி மட்டும் வெச்சுது."

சந்தோஷம் திரையில் ஒரு பக்கம் கீழே இறங்கும் வரைதான். பார்க்கப் பார்க்கக் கோளாறு தெரிந்தது. சில முகவரிகளில் பின்கோடுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தது. கடைசி ஆறு எழுத்தில் அந்தப் புள்ளியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, முதல் எண் வெளியே நின்றது. தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குக் கதவு எண்ணும் கிடையாது, தெருவும் கிடையாது. மாரியம்மன் கோயிலுக்கு மேக்கால என்று எழுதியிருப்பார்கள், அது போய்க் கதவு எண்ணில் உட்கார்ந்திருந்தது. எங்கள் வீடே அப்படித்தான்: கிணத்துக்காடு, கதவு எண். அக்கா அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆபீஸில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கும் ஓர் இதழ் போகும், அதனால் அப்புறம் அவள் வீட்டு முகவரியைப் பார்த்தோம். அதில் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று, இரண்டும் அடுத்தடுத்த கட்டத்தில், தெரு ஊராகவும் ஊர் தாலுக்காவாகவும் நகர்ந்திருந்தன. இப்போது நான் சிரித்தேன்.

ஒரு முகவரியில் விட்டுப்போயிருந்த கதவு எண்ணை அக்கா கையால் அடித்துச் சேர்த்தாள். பன்னிரண்டு அடித்து, சாய்கோடு போட்டு, மூன்று அடித்தாள். கட்டத்தில் நாலு என்று வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி நாலு.

"என்ன புள்ள, நான் அடிக்கறது ஒண்ணு, இது காட்டறது ஒண்ணு?"

எனக்கும் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது பன்னிரண்டை மூன்றால் வகுத்து விடை சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பிறகு எண்ணுக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி வைக்கப் பழகினோம், இது கணக்கு இல்லை, வீடு என்று அதற்குச் சொல்வதற்காக.

பெரிய தொந்தரவு பட்டதாரிகளால் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பட்டம் வாங்கியவர் யாரும் அதை விட்டுவிட்டுப் பேர் எழுதமாட்டார். பேர், கமா, பி.ஏ., கமா. பிறகுதான் தெரு. என் ஃபார்முலா அந்தக் கமாவையும் கமா என்றே எண்ணியது. பேருக்கு அடுத்த கட்டம் கதவு எண், ஆகவே கதவு எண் பி.ஏ. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றும் ஒரு கட்டம் தள்ளி நின்றது. பி.எஸ்சி., பி.காம்., எம்.ஏ., பி.எட். என்று வரிசையாக. எம்.ஏ., பி.எட். இரண்டும் வாங்கியவருக்கு இரண்டு கட்டம் தள்ளியது. எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர்களின் முகவரி மட்டும் ஒழுங்காக விழுந்திருந்தது.

அக்காதான் யோசனை சொன்னாள். "தபாலுக்குப் பட்டம் எதுக்குப் புள்ள? எடுத்துப் போடு."

எனக்கும் அது சரியென்று பட்டது. இரண்டாவது துண்டு சின்னதாக இருந்து அதில் புள்ளியும் இருந்தால் அதை விட்டுவிடு, அடுத்ததும் அப்படியே இருந்தால் அதையும் விட்டுவிடு என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். வெகு சுத்தமாக வேலை செய்தது. எல்லாம் அதனதன் கட்டத்தில். வெட்டி வைத்ததை ஃபார்முலா இல்லாத வெறும் எழுத்தாக மாற்றிவிட்டு, பழைய நீளக் கட்டத்தை அழித்துவிட்டோம், அது இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பின்கோடு வாரியாக லேபிள் அச்சாகி பிரிண்டரிலிருந்து கரகரவென்று நீளமாக இறங்கியதைப் பார்க்க டாக்டர் தம் நண்பர்களையெல்லாம் கூப்பிட்டு வந்தார். எல்லாருடைய செருப்பும் வாசலில் கிடந்ததைப் பார்த்தால் உள்ளே ஏதோ விசேஷம் என்று தோன்றும்.

இரண்டு இதழ் போயிருக்கும். ஒரு நாள் முற்பகல், நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண் மாடி ஏறி வந்தார். தோளில் துணிப்பை, அதில் கோழி மருந்து டப்பாக்கள். வாழப்பாடிப் பக்கம் ஒரு கிராமம் என்றார். பேச்சே காட்டிக் கொடுத்தது, எங்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடவில்லை.

"ரெண்டு மாசமா புஸ்தகம் வரல. மருந்து வாங்க வந்தேன், அப்படியே கேட்டுட்டுப் போலாம்னு."

ஊரையும் பேரையும் கேட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பேர் இருந்தது. இரண்டு மாதமும் லேபிள் அச்சாகிப் போயிருந்தது. "அனுப்பிட்டமுங்களே. இவரு உங்களுக்கு...?"

"எங்க வீட்டுக்காரர். அவரு இல்லம்மா, தவறிட்டாரு. போன வருஷமே." கொஞ்சம் நிறுத்தினார். "யாரோ வந்து உங்ககிட்ட சொல்லிட்டாங்க, அதான் பேரை எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். எடுக்கறது ஞாயந்தான். ஆனா சந்தா கட்டியிருக்குதே."

அக்கா எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டாள். "யாரும் பேரை எடுக்கலீங்க்கா. இங்க இருக்குது பாருங்க."

அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். திரையில் பச்சை எழுத்தைக் குனிந்து பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தவர் பேருக்கு அப்புறம் நின்றுவிட்டார்.

"பி.ஏ. எங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

"பட்டமெல்லாம் எடுத்துட்டமுங்க," என்றேன். "தபாலுக்கு வேண்டியதில்லீன்னு..."

"ஐயோ, அது இல்லாம எப்படி வரும்?" அவர் கோபப்படவில்லை. ஆச்சரியம்தான் பட்டார். "எங்க ஊர்ல அதே பேர்ல இன்னொருத்தர் இருக்கார், இனிஷியலும் அதேதான். இவரு பி.ஏ., அவரு சும்மா. எங்க வீட்டையே பி.ஏ. வீடுன்னுதான் சொல்வாங்க. பஸ்ஸு நிக்கற எடத்துல கேட்டாக்கூட அப்படித்தான் காட்டுவாங்க. தபால்காரர் வேற புதுசு."

பத்திரிகை எங்கே போயிருக்கிறது என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்த இன்னொருவரிடம் கோழியும் இல்லை, ஒன்றும் இல்லை. தறி ஓட்டுகிறவராம்.

"அவரு வீட்ல ரெண்டு புஸ்தகமும் மடிச்சு ஏதாச்சும் பொட்டலம் கட்டியிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல மொத மொத பட்டம் வாங்கினவரும்மா. வேலைக்குப் போகமாட்டேன், பண்ணைதான்னு நின்னாரு. அந்தப் பட்டம் போட்டுத் தபால் வர்றது உங்க புஸ்தகம் ஒண்ணுதான்."

அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, விஷயம் கேட்டு, தன் மேஜையிலிருந்த இரண்டு இதழையும் எடுத்துவந்து தந்தார். தடுப்பூசிக் கட்டுரை இருந்த பக்கத்தை மடித்தும் காட்டினார். அந்த அம்மா படி இறங்கிப் போன பிறகு டாக்டர் போகாமல் நின்றார்.

"என் பேருக்குப் பின்னால பி.வி.எஸ்சி.யும் காணோம் அம்மணி. என் காப்பில போன மாசமே பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதுங்களா டாக்டர்!"

"சொன்னா சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன்."

அன்றைக்கு மத்தியானம் பேருக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் போட்டேன், பட்டத்துக்கென்று. ஃபார்முலாவையும் மாற்றினேன், இனி சின்னத் துண்டை எறியாமல் அங்கே கொண்டுபோய் வைக்கும்படி. ஆனால் பழைய நீளக் கட்டம்தான் இல்லையே, எடுத்து வைக்கத் துண்டுக்கு எங்கே போவது? அக்கா பழைய ஒட்டுத்தாள்களின் கார்பன் நகல்கள் கட்டிவைத்திருந்த அலமாரியைத் திறந்தாள். நான் படிக்கிறேன், நீங்க அடிங்க என்றேன். மறுபடி அடிக்கமாட்டேன் என்று இரண்டு நாள் பேசாமலிருந்தவள் உடனே உட்கார்ந்து அடித்தாள். நான் படிக்கப் படிக்க நடுநடுவே அவள் குரல் வரும். "இவரு பி.காமா? பரவால்லையே." "இந்த ஊர்ல ஒரு பொம்பளை எம்.எஸ்சி. புள்ள, பாரு!" அத்தனை காலமாக மாதா மாதம் அடித்த பேர்களை அவள் அப்போதுதான் முதல் தடவை காதில் வாங்கினாள் என்று எனக்குப் பட்டது. அவளும் பியூசி முடித்து மேலே படிக்க ஆசைப்பட்டவள். வீட்டில் டைப்ரைட்டிங் போதும் என்றுவிட்டார்கள். அதை அந்தப் பேர்களின் நடுவேதான் எனக்குச் சொன்னாள், கை நிற்காமல் அடித்துக்கொண்டே.

அந்த மாத லேபிளில் வாழப்பாடிக்காரர் பேருக்குப் பின்னால் பி.ஏ. வந்தது. ஒரு வாரம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து கார்டு வந்தது: புத்தகம் கிடைத்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் விடமாட்டார்கள் என்றாள் அக்கா. டாக்டரே இரும்புக் கடைக்குப் போய் அவள் அப்பாவிடம் பேசினார். பண்ணையைப் பார்ப்பதும் பத்திரிகை வேலைதான் என்று சொன்னாராம். சேலம் போய், அங்கிருந்து ஆத்தூர் பஸ் பிடித்து, வாழப்பாடியில் இறங்கி டவுன் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் யார் என்பதற்கு ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு சண்டை. அவள் அப்பாவோ அண்ணனோ கூட வராமல் போன முதல் பயணம் அதுதான் என்றாள்.

அந்த அம்மா எங்களுக்கு முன்பே வந்து பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தார். பண்ணையைச் சுற்றிக் காட்டினார். குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் பல்புகளின் கீழே கையை நீட்டச் சொன்னார். அக்கா ஒரு குஞ்சை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கீழே விடவே இல்லை. "ஊர் முழுக்கக் கோழிப் பண்ணை, நான் ஒரு குஞ்சைத் தொட்டுப் பாத்ததில்ல," என்றாள். சாப்பாட்டுக்குக் கோழிக்குழம்பு. அக்காவுக்காக அந்தத் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்த பாய் ஒருவரைக் காலையிலேயே வரவழைத்து அறுத்து வாங்கியிருந்தார். அதை அவர் சொல்லவில்லை. கிணற்றடியில் கை கழுவும்போது அவர் மகள் சொல்லித்தான் தெரியும். அக்கா அதைக் கேட்டுவிட்டு ஈரக் கையோடே உள்ளே போய் அந்த அம்மாவோடு சேர்ந்து பாத்திரங்களை எடுத்து வைத்தாள்.

அதற்கடுத்த வருஷம் அவள் கல்யாணமாகிச் சேலத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பின் நானும். பத்திரிகை என்ன ஆயிற்று, அந்தக் கட்டங்களில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்படியே இருக்கிறது. கிளம்பும்போது அந்த அம்மா ஓர் அட்டை நிறைய முட்டை கொடுத்தார்.

"நாமக்கல்லுக்கே முட்டை கொண்டுட்டுப் போறமா?" என்றாள் அக்கா.

"இது எங்க வீட்டு முட்டை, எடுத்துட்டுப் போ கண்ணு."

சேலத்திலிருந்து பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ராசிபுரம் வரை அவள் அட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் அவளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அங்கே இருவருக்கும் இடம் கிடைத்ததும் அட்டையை இரண்டு மடியிலும் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டர் ஜன்னல் திரையை இறக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் பக்கம் வந்தவர் மடியிலிருந்த முட்டையைப் பார்த்துவிட்டு, நீங்க அசையாதீங்கம்மா என்று அவரே இறக்கிவிட்டுப் போனார்.